பினாங்கு வராத தெரு

மலைக்கோட்டைக்கு மேற்கே, பாறையின் காலடியை ஒட்டிக் கிடந்த தகரக்காரச் சந்தில் வெயில் இறங்கக் காலை ஒன்பது மணியாகிவிடும். சூரியன் பாறையைத் தாண்டி வர அவ்வளவு நேரம் பிடிக்கும். அதைப் பாக்கியம் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் சாயங்காலத்தை மறந்துவிட்டுப் பேசுகிறவர்கள். மத்தியானம் முழுக்க மேற்கு வெயிலைக் குடித்த பாறை, இருட்டிய பிறகும் அனலை விட்டுக்கொண்டே இருக்கும். சித்திரை மாதத்தில் அந்தச் சந்தில் குடியிருந்தவனுக்கு நரகத்தைப் பற்றி யாரும் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

1942 சித்திரையில் அனலோடு பயமும் சேர்ந்துகொண்டது. கொழும்பில் குண்டு விழுந்துவிட்டது. மதராஸ் காலியாகிக்கொண்டிருந்தது. ரயில் ரயிலாக வந்து இறங்கிய ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஊருக்குள் வாடகை வீடு தேடி அலைந்தார்கள். ஊரே வேலை ஓடாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தகரவேலை செய்யும் மீரான் ராவுத்தருக்கு மட்டும் தலைக்கு மேல் வேலை. தெருவிளக்கின் வெளிச்சம் ஆகாய விமானத்துக்குத் தெரியக் கூடாதென்று முனிசிபாலிட்டி நானூறு தகர மூடி கேட்டிருந்தது. புதுத் தகரத்தைக் கண்ணால் பார்க்க முடியாத காலம். கெரசின் டின்னை வெட்டி விரித்துத்தான் செய்தார். விளக்கு முக்காடு என்று ஜனங்கள் அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.

ராவுத்தர் வெட்டி மடித்துக் கொடுப்பார். ஈயம் வைத்துப் பற்றவைப்பது அவருடைய மருமகள் ஆபிதா. கொல்லைப்புறத்தில் கரி அடுப்பில் சூட்டுக்கோலைக் காய வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்தால், ஈயம் நூல் பிடித்த மாதிரி ஓடும். அறுபத்திரண்டு வயதில் ராவுத்தருக்குக் கை நடுங்க ஆரம்பித்திருந்தது. ஆபிதாவுக்கு இருபத்துநாலு வயது, கை நடுங்காது. பெண்பிள்ளை தகரம் பற்றவைக்கிறாள் என்பதை வெளியில் சொல்லிக்கொள்வதில்லை. ஆனால் முனிசிபாலிட்டிக்காரன் ஒரு மூடியைக்கூட வெளிச்சம் ஒழுகுகிறது என்று திருப்பி அனுப்பியதில்லை.

அவளுடைய புருஷன் ஜெகபர் சாதிக் பினாங்கில் மளிகை மண்டியில் இருந்தான். கல்யாணமாகி ஆறு வருஷம். அதில் சேர்ந்து இருந்தது இரண்டு தடவையாக எட்டு மாசம். குழந்தை இல்லை. முப்பத்தொன்பது தொடக்கத்தில் வந்தபோது பேட்டரியில் பாடுகிற ரேடியோப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். நவம்பரில் கடைசியாக ஒரு கடுதாசி வந்தது. டிசம்பரில் பினாங்கில் குண்டு விழுந்தது, பிறகு ஜப்பான்காரன் கைக்கு ஊர் போனது. அதற்கப்புறம் அந்தப் பக்கமிருந்து ஒரு துண்டுக் காகிதம்கூட வரவில்லை.

வந்தது ஒரு பெயர் மட்டும்தான். வியாழக்கிழமை, விளக்கு வைக்கிற நேரத்தில், ராவுத்தர் வீட்டு மொட்டைமாடியில் ரேடியோப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்த மெக்கானிக் பிச்சமுத்துவின் காதில் அது விழுந்தது. பிச்சமுத்து ரேடியோ ரிப்பேர் பார்க்கிறவன், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிக் கொடுக்கிறவன், திருச்சியிலேயே பெரிய பயந்தாங்கொள்ளி. ஊரில் எந்தத் தெருவில் எந்த ஸ்டேஷன் எப்படிக் கேட்கும் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தான். கேட்ட பெயரை அவன் கீழே இறங்கி வந்து சொல்லவே அரைமணி நேரம் ஆனது. மறுநாள் காலையில் ராவுத்தர் அவனைத் திரும்பவும் உட்கார வைத்துக் கேட்டார்.

"முழுசா ஒரு தடவ சொல்லு பிச்சமுத்து. உன் காதுல விழுந்தத மட்டும் சொல்லு."

"விழுந்தது அவ்வளவுதாங்க பாய். திருச்சிராப்பள்ளி, மீரான் மகன் ஜெகபர் சாதிக். அதோட அமுங்கிப் போச்சு. அதுக்கு முன்னாடியும் ஒரே இரைச்சல்."

"எந்தப் பட்டியல்ல வந்துச்சு?"

"அதான் தெரியலீங்களே."

பினாங்கு ரேடியோவில் வியாழக்கிழமைதோறும் இரண்டு பட்டியல் படித்தார்கள். உயிரோடு இருக்கிறவர்கள் ஒன்று, குண்டில் போனவர்கள் ஒன்று. ஒரே ஆள், ஒரே குரலில், ஒன்றை முடித்த கையோடு அடுத்ததைப் படித்துவிடுவானாம். தலைப்பைக் கேட்காதவனுக்கு எது எதுவென்று தெரியாது. ஒரு பட்டியலை இரண்டு வாரம் படிப்பான். அப்புறம் புதுப் பட்டியல்.

"பாலக்கரையில ஒருத்தர் செட்டுல தெளிவாக் கேக்கும்னியே. அவருகிட்ட விசாரிக்கலாமுல்ல?"

"விடியறப்பவே போனேங்க. பினாங்குன்னு வாயத் தொறந்ததும் கதவச் சாத்திட்டாரு. ஒயரக்கூடக் கழட்டி வச்சிட்டாரு. இன்னொருத்தரு என் வீட்டுப் படி ஏறாதேன்னுட்டாரு."

"கேக்கறது தப்பா, கேட்டத வெளிய சொல்றது தப்பா?"

"எதுக்குப் புடிப்பாங்கன்னு புடிக்கறவங்களுக்கே தெரியாதுங்க பாய். கோர்ட்டுல போயித் தெரிஞ்சுக்க எனக்குத் தெம்பு இல்ல."

கொல்லைப்புறத்துக் கதவோரம் நின்றுகொண்டிருந்த ஆபிதா கேட்டாள். "ஏண்ணே பாதியில போகுது? டெல்லி கேக்குது, லண்டன் கேக்குது. அது மட்டும் ஏன் வந்து வந்து போகுது?"

பிச்சமுத்துவுக்குப் பயம் தெளிகிற நேரம் ஒன்று உண்டென்றால் அது யாராவது இந்த மாதிரி கேட்கும்போதுதான். கரித்துண்டை எடுத்துத் தரையில் கோடு போட்டான்.

"தங்கச்சி, பினாங்கு நமக்குக் கெழக்க இருக்கு. செத்த தெக்க சாஞ்ச கெழக்கு. அங்கேருந்து கெளம்புற அலை வானத்துல பட்டுத் திரும்பி எறங்குது. ரொம்பத் தூரத்துலேருந்து வர்றதால நம்ம தலைக்கு மேல நேரா எறங்காது. சாஞ்சு, தாழ்வா வரும். நமக்கும் கெழக்குக்கும் நடுவுல என்ன நிக்குதுன்னு பாருங்க."

எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். பார்க்க வேண்டிய தேவையே இல்லை. அந்த வீட்டில் கிழக்கே பார்த்தால் பாறை மட்டும்தான்.

"டெல்லிக்காரனுக்கு வேற தெச. லண்டன்காரன் பயில்வான், தடுத்தாலும் மிச்சம் மீதி வந்து சேரும். நம்மூரு ஸ்டேஷன் பக்கத்துலயே இருக்கு, தகர டப்பாவுலகூடக் கேக்கும். பினாங்குல இருந்த பெரிய மெஷின வெள்ளக்காரன் போறப்ப ஒடச்சிட்டுப் போயிட்டானாம். இப்ப இருக்கறது நோஞ்சான். ஒரு தென்னந்தோப்பு குறுக்க வந்தாலே சொணங்கிப் போயிடும். இங்க மலையே மறைக்குது. போதாததுக்குச் சுத்திலும் நீங்க அடுக்கி வச்சிருக்கற தகரம். அந்தாண்ட அரிசி மில்லு மோட்டாரு இரைச்சல்." அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ஒயரும் ஒரு காரணங்க."

"ஒயருக்கு என்ன?"

"கெழக்கேருந்து வர்றதப் புடிக்க ஒயரு குறுக்கால இருக்கணும். வடக்கு தெக்கா. நம்முது கெழக்கு மேக்கா நீட்டுவாக்குல இருக்கு. அதுல அலை ஒட்டாது."

ராவுத்தர் முகம் சுருங்கிப்போனது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த ஒயரைக் கட்டும்போது, அதன் முனை கிப்லாவைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவர் அவர். தொழுகிற திசையைப் பார்த்து நிற்கிற ஒயரில்தான் முதல் முதலாகக் குர்ஆன் ஓதுவதைக் கேட்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஒயருக்கும் ஓதுவதற்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்கு யாரும் அவரைக் கேட்கவில்லை.

"நீ அப்பவே சொல்லியிருக்கலாமுல்ல?"

"பயந்துட்டேங்க பாய்."

அன்றைக்கே மொட்டைமாடியில் உயரமாக ஒரு மூங்கில் நட்டு ஒயரை வடக்குத் தெற்காகக் கட்டினார்கள். மற்ற ஸ்டேஷன்கள் ஒரு சுற்றுப் பெருத்துக் கேட்டன. பினாங்கு மட்டும் பழையபடி, கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பேசுகிற மாதிரி தலைகாட்டிவிட்டு அமுங்கியது. பிச்சமுத்து தன் நோட்டைத் திறந்து, தகரக்காரச் சந்து என்று எழுதி, அதற்கு நேரே பினாங்கு வராது என்று எழுதினான்.

"மல மறைக்காத எடம் எதுண்ணே?" என்றாள் ஆபிதா.

"ஆத்து மணல்தான். பாலத்துக்குக் கெழக்க எறங்கிட்டா மல ஒரு பக்கமா ஒதுங்கிடும். கெழக்க கல்லணை வரைக்கும் தொறந்த வெளி. ஆனா அங்க எப்படித் தங்கச்சி? பாலத்துல துப்பாக்கியோட சிப்பாய் நிக்கிறான். ரேடியோப் பெட்டியோட மணல்ல உக்காந்திருந்தா ஜப்பான்காரனுக்குச் சேதி சொல்றோம்னு சுட்டாலும் சுட்டுடுவான்."

அடுப்படியிலிருந்து மாமியார் ஷரீபா வந்தாள். அந்த ஒரு வாரத்தில் அவள் பேசிய நீளமான பேச்சு இதுதான்.

"யாரும் எங்கயும் போக வேணாம். தெரியாமயே இருக்கட்டும். தெரியாத வரைக்கும் எம்புள்ள இருக்கான். பேட்டரியத் தூக்கிட்டுப் போயி அவன மௌத்தாக்கிட்டு வராதீங்க."

"எனக்குத் தெரியணும் மாமி," என்றாள் ஆபிதா. "போயிட்டாருன்னா நாலு மாசம் பத்து நாளு வீட்டோட இத்தா இருக்கணும். அது கடமை. இருக்கேன். இல்லன்னா தொண்டையில சோறு எறங்கட்டும். ரெண்டும் இல்லாம எத்தன நாளைக்கு நான் இப்படி நிக்கிறது?"

ஷரீபா மருமகளின் கழுத்தைப் பார்த்தாள். புருஷன் இருக்கிறான் என்பதற்கு அடையாளமான கருகமணி அங்கே கிடந்தது. அந்த வாரம் முழுக்க அவள் பார்வை அங்கேதான் போய் நின்றது. சோறு பரிமாறும்போதும், தலை பின்னிவிடும்போதும், ஒன்றும் இல்லாதபோதும். பர்மா அரிசி நின்றுபோய்க் கேப்பைக் களி தின்ற நாட்கள் அவை. களியை உருட்டி வாயில் போட்டு ஆணத்தைத் தொட்டுக்கொண்டால் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும் என்பார்கள். ஆபிதாவுக்கு அதுகூட இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை முனிசிபாலிட்டி இன்ஸ்பெக்டர் மூடிகளை எடுத்துப்போக வந்தார். எண்ணி வண்டியில் ஏற்றிவிட்டுத் தலையைத் தூக்கினார்.

"என்ன ராவுத்தரே, மாடியில மூங்கி பலமா இருக்கு?"

"துணி காயப்போடங்க," என்றார் ராவுத்தர். அவர் கையிலிருந்த கத்தரி கீழே விழுந்தது.

"ஒசரமாத்தான் காயப்போடுறீங்க," என்று சிரித்துவிட்டு இன்ஸ்பெக்டர் போய்விட்டார். அது வெறும் சிரிப்புத்தானா என்று ராவுத்தர் இரண்டு நாள் யோசித்தார். ராத்திரி சந்துக்குள் யாருடைய செருப்புச் சத்தம் கேட்டாலும் எழுந்து உட்கார்ந்துகொண்டார். அவர் எழுந்தால் ஷரீபாவும் எழுந்துகொள்வாள். உள்ளறையில் ஆபிதா தூங்குவதுபோலக் கிடப்பாள்.

புதன்கிழமை இரவு அவரே வழி கண்டுபிடித்தார். கோடையில் காவிரி மணலில் வெள்ளரிக் கொடி போடுகிற செல்லக்கண்ணு என்ற பெண்பிள்ளை, நீர் தெளிக்கிற பூவாளி இரண்டு செய்யச் சொல்லி ஒரு மாசமாகிறது. பூவாளி கொண்டுபோகிற தகரக்காரனை யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. பெட்டியைப் பழைய டின்களுக்கு நடுவில் வைத்துச் சாக்கைப் போட்டு மூடிவிடலாம்.

வியாழக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு ஜட்கா கிளம்பியது. ராவுத்தர், வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்துக்கொண்ட ஆபிதா, பேட்டரிச் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் வியர்த்து ஊற்றிய பிச்சமுத்து. ஷரீபா வாசல்வரைகூட வரவில்லை.

ஆற்றில் தண்ணீர் இல்லை. ஸ்ரீரங்கத்துக் கரை வரைக்கும் மணல்தான். அங்கங்கே பச்சைத் திட்டாக வெள்ளரிப் பாத்திகள். செல்லக்கண்ணு ஊற்றில் குடம் மொண்டு மொண்டு கொடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். காலையிலும் சாயங்காலமும் நூறு நூறு குடம். இடுப்புச் சேலையெல்லாம் ஈரம். வண்டியிலிருந்து இறங்கிய சாமானைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆபிதாவின் முகத்தைப் பார்த்ததும் மிச்சமும் புரிந்தது.

"பூவாளிய அப்படி வைங்க பாய். வேற என்ன கொண்டாந்திருக்கீங்கன்னு நான் கேக்கல. என் கண்ணுக்குக் கொடியையும் பிஞ்சையும் தவிர எதுவும் தெரியாது." பிறகு ஆபிதாவிடம் ஒரு பிஞ்சை ஒடித்துக் கொடுத்தாள். "தின்னும்மா. உதடெல்லாம் வெடிச்சுக் கெடக்கு."

குடிசைக் காலிலிருந்து சோளக்கொல்லைப் பொம்மை நட்டிருந்த கம்பு வரை பிச்சமுத்து ஒயரை வடக்குத் தெற்காக இழுத்துக் கட்டினான். மண்ணோடு சேர்க்கிற எர்த்துக் கம்பியை ஊற்றுக்குள் இறக்கினான். முழங்கை ஆழத்தில் தண்ணீர் சில்லென்று நின்றது. அத்தனை பயத்திலும் அவனுக்கு வாய் அடங்கவில்லை.

"இந்த மாதிரி ஈரம் எங்க கெடைக்கும் பாய். ஊருக்குள்ள குழி தோண்டி உப்பும் கரியும் கொட்டினாலும் இந்த எர்த்து வராது. பாருங்க, சுத்துவட்டாரத்துல ஒரு கரண்டு ஒயரு இல்ல, ஒரு மோட்டாரு இல்ல."

ஆபிதா திரும்பிப் பார்த்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து தலைக்கு மேல் நின்ற மலை, தெற்கே ஓரமாக, கைக்கு அடங்குகிற அளவில் உட்கார்ந்திருந்தது. கிழக்கே ஒன்றுமே இல்லை. ஆறு போகிற வழியும் வானமும்தான். மேற்கே அரை மைலில் பாலம். பாலத்தின் மேல் ஒரு சிப்பாய் நடந்துகொண்டிருந்தது எறும்பு மாதிரி தெரிந்தது.

பெட்டிக்குள் இருந்த, சார்ஜ் ஏற்ற முடியாத உயர்பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தது. யுத்தத்தில் புதுசு கிடைக்காது. கால் மணி நேரம் தாங்கினால் பெரிசு என்றான் பிச்சமுத்து. சத்தம் வெளியே போகக் கூடாதென்று காதில் மாட்டுகிற கருவியை இணைத்தான். அது ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"பாய், நீங்க கேக்குறீங்களா?"

ராவுத்தர் மணலில் துண்டை விரித்துக்கொண்டிருந்தார். சூரியன் இறங்கிவிட்டது. "மக்ரிபு நேரமாச்சு. நான் தொழுதுடறேன். புள்ள கேக்கட்டும்." அவருக்குக் கேட்கத் தைரியமில்லை என்பது மூன்று பேருக்கும் தெரிந்தது. மேற்கே பார்த்து நின்று கையைக் கட்டிக்கொண்டார். பெட்டியும் பினாங்கும் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தன.

பிச்சமுத்து முள்ளைத் திருப்பிச் சரியான இடத்தில் நிறுத்திவிட்டு, பாலத்தைக் கவனிக்க மேட்டில் போய் நின்றான். ஆபிதா துப்பட்டிக்குள் கருவியை மாட்டிக்கொண்டு குடிசை வாசலில் உட்கார்ந்தாள். பக்கத்தில் நின்ற செல்லக்கண்ணுவுக்கு அவள் கண்கள் மட்டும் தெரிந்தன. முதலில் கண்கள் அலைந்தன. பிறகு ஒரு இடத்தில் நின்றன. அப்புறம் அசையவே இல்லை. ராவுத்தர் தொழுகையில் இரண்டாவது ரக்அத்தில் இருந்தபோது மேட்டிலிருந்து பிச்சமுத்து விழுந்தடித்து ஓடிவந்தான்.

"ஏட்டு வர்றாரு. இந்தப் பக்கமாத்தான் வர்றாரு."

ஆபிதா கருவியைக் கழற்றினாள். செல்லக்கண்ணு ஒரு கூடை வெள்ளரியைப் பெட்டியின் மேல் அப்படியே கொட்டினாள். பிச்சமுத்து குடிசைக்குள் நுழைந்து சாக்கோடு சாக்காகப் படுத்துக்கொண்டான். ஒயரைக் கழற்ற நேரமில்லை. ஏட்டு வந்து நின்றபோது அது அவருடைய தொப்பிக்கு நேர் மேலே இருந்தது.

"செல்லக்கண்ணு, என்ன கம்பி இது? போன வாரம் இல்லியே."

தொழுகையை முடித்துக்கொண்டு எழுந்த ராவுத்தர், பழைய டின் ஒன்றை எடுத்து அதன் காதில் கயிறு கோத்து, நடுங்குகிற கையாலேயே ஒயரில் தொங்கவிட்டார். ஒரு கல்லை எடுத்து உள்ளே போட்டு ஆட்டினார். தகரம் கடகடவென்றது.

"நரிக்குங்க ஏட்டய்யா. பிஞ்செல்லாம் தின்னுட்டுப் போயிடுதாம். இந்தம்மா கேட்டுச்சு, கொண்டாந்தேன்."

ஏட்டு டின்னைப் பார்த்தார். ஆபிதாவைப் பார்த்தார். "இது யாரு?"

"மருமவங்க. பிஞ்சு திங்கணும்னுச்சு, கூட்டியாந்தேன்."

"என்னம்மா, ஒடம்பு சொகமில்லியா? பேயடிச்ச மாதிரி இருக்கே."

"வெயிலுங்க," என்றாள் ஆபிதா. குரலில் ஒரு பிசிறு இல்லை.

ஏட்டு மடி நிறைய வெள்ளரி வாங்கிக்கொண்டார். காசு கேட்கிற வழக்கம் இல்லை. பிறகு, இருட்டில் பெண்பிள்ளையோடு போகிறீர்களே, நானும் ஊருக்குள்தான் போகிறேன் என்று சொல்லிக் கூடவே நடந்து வந்து ஜட்காவிலும் ஏறிக்கொண்டார். வழியெல்லாம் வெள்ளரியைக் கடித்தபடி பேசிக்கொண்டே வந்தார். ஒற்றர்கள் எங்கும் இருக்கிறார்களாம். கரூர்ப் பக்கம் ஒருத்தனைப் பிடித்தார்களாம், அவன் வைத்திருந்தது வெறும் பேட்டரி விளக்குத்தானாம், அதற்கே உதை நொறுக்கிவிட்டார்களாம்.

ராவுத்தர் எதற்கும் ஆமாங்க ஆமாங்க என்றார். அவர் கண் மருமகளை விட்டு அகலவில்லை. அழுகிறாளா என்று பார்த்தார். அழவில்லை. சிரிப்பின் நிழலாவது உண்டா என்று பார்த்தார். அதுவும் இல்லை. நல்ல சேதியாக இருந்தால் ஒரு பெண்ணால் இப்படி உட்கார்ந்திருக்க முடியுமா என்று நினைத்தார். மகன் போய்விட்டான் என்று சிந்தாமணிக்கு அருகில் வரும்போது அவர் தீர்மானித்துவிட்டார். ஏட்டுக்கு முன்னால் அழக்கூட முடியாமல், அவர் கொடுத்த வெள்ளரித் துண்டை வாயில் வைத்து மென்றுகொண்டே வந்தார். தெருவிளக்குகளில் அவர் செய்த முக்காடுகள் வெளிச்சத்தைக் கீழே அழுத்திக்கொண்டிருந்தன.

ஏட்டு இறங்கிப் போனபிறகும் ஜட்காக்காரன் இருந்தான். வீட்டுக்குள் நுழைந்து கதவுக்குத் தாழ் போட்டபிறகுதான் ராவுத்தர் கேட்டார்.

"சொல்லிடு புள்ள."

ஷரீபா அடுப்படி வாசலில் நின்று கருகமணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்காருங்க மாமா," என்றாள் ஆபிதா. "மொதப் பட்டியல்தான். தலைப்புலேருந்து கேட்டேன். கீழ்க்கண்டவர்கள் நலமாக இருக்கிறார்கள்னு சொல்லிட்டுத்தான் படிச்சான். நல்லா இருக்காராம்."

ராவுத்தர் நின்ற இடத்திலேயே மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைத்தார். எழுந்திருக்க வெகுநேரம் ஆனது. ஷரீபா மருமகளைக் கட்டிக்கொண்டு, அத்தனை நாள் அழாத அழுகையை அழுதாள்.

"வேற என்னம்மா சொன்னான்? வேற எதாச்சும்?" என்றார் ராவுத்தர்.

"அவ்வளவுதாங்க மாமா. அதுக்குள்ள போயிடுச்சு."

போகவில்லை. அந்தத் திறந்த மணலில், அந்த ஈரத்தில், பினாங்குக் குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி கேட்டது. ஒரு எழுத்துக்கூட விடுபடவில்லை. திருச்சிராப்பள்ளி, மீரான் மகன் ஜெகபர் சாதிக், மனைவி ரொக்கையா, மகன் மீரான் வயது மூன்று, மூவரும் நலம். அவ்வளவையும் படித்துவிட்டு அந்த ஆள் அடுத்த பெயருக்குப் போய்விட்டான்.

பையனுக்கு மூன்று வயது. அப்படியென்றால் ரேடியோப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி இந்த வாசலில் வந்து இறங்கியபோதே, அங்கே ஒருத்தி வயிற்றில் பிள்ளையோடு இருந்திருக்கிறாள். பாட்டனார் பெயரைப் பேரனுக்கு வைக்கிற முறையைக்கூட விடாமல் வைத்திருக்கிறான். அவன் உயிரோடு இருப்பதில் ஆபிதாவுக்குச் சந்தோஷம்தான். அந்தச் சந்தோஷத்தைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

அன்றைக்குக் களிக்குப் பதிலாக ஷரீபா ஒளித்து வைத்திருந்த ஒரு படி அரிசியை எடுத்துச் சோறாக்கினாள். பக்கத்தில் உட்கார்ந்து, தின்னு தின்னு என்றாள். ஆபிதா தின்றாள்.

"அடுத்த வியாழன் நானும் வர்றேன்," என்றாள் ஷரீபா. "எம்புள்ள பேர நானும் ஒரு தடவ காதால கேக்கணும்."

"இந்தப் பட்டியல் இன்னையோட சரி," என்றார் ராவுத்தர். "ஆனா சேதியெல்லாம் வரும்ல. கடுதாசி மாதிரி அங்க இருக்கறவங்கள ரேடியோவுல வீட்டுக்குச் சேதி சொல்ல விடறானாம், பிச்சமுத்து சொன்னான். எப்பாடு பட்டாவது புதுப் பேட்டரி ஒண்ணு வாங்கிடணும். இன்னும் ரெண்டு மூங்கில ஒட்டுப் போட்டு ஒசத்தினா இங்கயேகூடக் கேட்டாலும் கேக்கும்."

ஆபிதாவுக்குச் சோறு நெஞ்சில் நின்றது. ஒரு வாரமாக அவள் பயந்த பயம் ஒன்று. இப்போது வந்தது வேறு. இந்த இரண்டு பேரும் நல்லவர்கள். பேரன் ஒருவன் இருக்கிறான், அவனுக்கு மீரான் என்று பெயர் என்று தெரிந்தால் முதலில் அவளுக்காக வருத்தப்படுவார்கள். இரண்டு நாள் கழித்துப் பேரனை நினைத்துச் சந்தோஷப்படுவார்கள். அதற்குப் பிறகு இந்த வீட்டில் தான் யார் என்று நினைத்துப் பார்க்க அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை. ராவுத்தர் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். ஷரீபா அசந்து தூங்கினாள், பல நாள் தூக்கம். பாறை காய்ந்து மொட்டைமாடியில் கால் வைக்க முடியவில்லை. ஆபிதா கரி அடுப்பையும் சூட்டுக்கோலையும் மேலே தூக்கிக்கொண்டு போனாள்.

சாயங்காலம் பிச்சமுத்து வந்தான். செல்லக்கண்ணுவின் வெள்ளரி வண்டியில் காய்க்கு அடியில் பெட்டியை வைத்துக் கொண்டுவந்திருந்தான். ஒரு ராத்திரி முழுக்க நரிக்கு நடுவில் படுத்துக் கிடந்ததைச் சொல்லிக்கொண்டே மாடிக்கு ஏறினான், பின்னாலேயே ராவுத்தரும் ஏறினார். மாடியில் மூங்கிலைக் காணோம். ஒயர் பழைய இடத்திலேயே, தாழ்வாக, மேற்கே பார்த்து நின்றது. பிச்சமுத்து முனையைப் பிடித்துப் பார்த்தான். முடிச்சுப் போடவில்லை. கொக்கியோடு சேர்த்து ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்தது. நூல் பிடித்த மாதிரி ஈயம். வெட்டினால்தான் வரும்.

"மூங்கில இன்ஸ்பெக்டர் பாத்துட்டுப் போனாரு மாமா," என்றாள் படிக்கட்டில் நின்ற ஆபிதா. "நேத்து அந்த ஏட்டு வேற. எனக்குப் பயமா இருக்கு. பழையபடியே இருக்கட்டும்."

பிச்சமுத்து அவளைப் பார்த்தான். நேற்று அவள் கழற்றிப் போட்ட கருவியை எடுத்து வைத்தவன் அவன்தான். அப்போதும் அதில் குரல் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தது, ஒரு சொல்கூட அமுங்கவில்லை. அதுக்குள்ள போயிடுச்சு என்று அவள் சொன்னதைத்தான் இப்போது ராவுத்தர் அவனிடம் படியேறும்போது சொல்லி முடித்திருந்தார். அவன் கிழக்கே திரும்பிப் பாறையை ஒரு தடவை பார்த்தான். பிறகு தன் வாழ்நாளில் முதல் தடவையாக, ஸ்டேஷன் விஷயத்தில் பொய் சொன்னான்.

"தங்கச்சி சொல்றது சரிதாங்க பாய். ஒயரு இப்படி இருக்கறதுதான் நல்லது. வர்றது தானா வரும்."

ராவுத்தருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. ஒயரைத் தடவிக் கொடுத்தார். மகன் உயிரோடு இருக்கிற சந்தோஷத்தில் அவருக்கு எல்லாமே சரியாகத்தான் பட்டது.

"கிப்லாவப் பாத்துத்தான் இருக்கணும்னு நான் அன்னைக்கே சொன்னேன். யாரு கேட்டீங்க?"

"ஆமாங்க மாமா," என்றாள் ஆபிதா.